ஒரே மெஷினுக்குள் இரண்டு திகதி: ரோலிங் லினக்ஸை எப்படி அப்டேட் செய்வது

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் இன்டெலின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ப்ராசஸரும் இல்லாத லெப்டொப்புகள் திருகோணமலையில் எத்தனையோ வீடுகளில் கிடக்கின்றன. புதுசாக வாங்கலாம் என்றால் இன்றைய விலை யோசிக்க வைக்கிறது. அதனால் எனக்குத் தெரிந்த வட்டத்தில் லினக்ஸ் பக்கம் வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், சந்தோசம். அதில் இளம் பிள்ளைகள் பலர் உபுண்டு, மின்ட் என்று தொடங்காமல் நேராக ஆர்ச், எண்டெவர்ஓஎஸ், மஞ்சாரோ என்று போகிறார்கள். யூடியூப்பில் பார்க்க அழகாக இருக்கிறது, கூட்டாளி ஒருவன் வைத்திருக்கிறான், ஸ்டீம் டெக் என்ற கேம் கருவியில் ஓடுவதே ஆர்ச்சை வைத்துக் கட்டியதுதான் என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

போவதில் தப்பே இல்லை. ஆனால் சில மாதம் கழித்து அதே பிள்ளைகள் "அப்டேட் போட்டேன், எல்லாம் போச்சு" என்று வந்து நிற்கிறார்கள், அப்புறம் பயந்துபோய் அப்டேட்டையே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் மெஷினை உண்மையிலேயே கெடுக்கிறது. இந்த ரோலிங் வகை லினக்ஸ் எப்படி ஓடுகிறது என்பது விளங்கிவிட்டால் அந்தப் பயத்துக்கு இடமில்லை, விளங்கிக்கொள்வது பெரிய கஷ்டமும் இல்லை.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை துறையில் பாதை (ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவை) ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். பாதை வரும் வரை இக்கரையில் காத்துக்கொண்டு நிற்க வேண்டும், வந்ததும் ஆள், சைக்கிள், வாகனம் எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக அக்கரை சேரும். டெபியனும் உபுண்டுவும் அப்படித்தான். டெபியன் ஏறக்குறைய இரண்டு வருசத்துக்கு ஒருமுறை ஒரு பதிப்பை வெளியிடும், உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு இரண்டு வருசத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், நடுவில் மென்பொருள்களின் பதிப்பு எண்கள் பெரும்பாலும் அசையாது. பாதுகாப்பு ஓட்டை ஏதும் கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கான திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே பொருத்தித் தருவார்கள். பாலத்தில் போகிறவர் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, வந்த நேரத்தில் கடக்கிறார். ரோலிங் வெளியீடு என்பது அதுதான். கேடிஈ பிளாஸ்மா 6 என்ற டெஸ்க்டொப் வெளியானது 2024 பெப்ரவரி 28இல், அடுத்த மாதமே ஆர்ச் பாவிப்பவர்களின் திரையில் அது இருந்தது. ஜட் வினெட் 2002இல் தொடங்கிய ஆர்ச், அதற்கு முன்னிருந்தே வரும் ஜென்டூ, ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட், வொய்ட் எல்லாம் இந்த ரகம். ஆர்ச்சுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. மாதம் ஒருமுறை வரும் ஐஎஸ்ஓ நிறுவுவதற்கான அன்றைய படம் மட்டுமே, அதைத் தரவிறக்கி மெஷினைப் புதுப்பிப்பதாக யாராவது சொன்னால் அவருக்கு விசயம் இன்னும் விளங்கவில்லை.

இனி முக்கியமான இடம். ஒரு கணினியில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் பேக்கேஜ்களும் (மென்பொருள் பொதிகள்) ஒன்றையொன்று நம்பியே ஓடுகின்றன. எந்தப் பதிப்பு எந்தப் பதிப்போடு ஒத்துப்போகும் என்று பார்ப்பது ஒரு பெரிய வேலை. டெபியனில் அந்த வேலையை வெளியீட்டுக்கு முன்பே மாதக் கணக்கில் உட்கார்ந்து முடித்துவிடுகிறார்கள். ஆர்ச்சில் அது தினமும் நடக்கிறது: ஒரு லைப்ரரி (பல மென்பொருள்கள் பொதுவாகப் பாவிக்கும் நிரல்) மாறினால் அதை நம்பியிருக்கும் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் திரும்பக் கட்டி, சோதனைக் களஞ்சியத்தில் வைத்துப் பார்த்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்தே பொதுக் களஞ்சியத்துக்குத் தள்ளுகிறார்கள். ஆகவே எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் களஞ்சியத்தில் இருப்பவை ஒன்றோடொன்று பொருந்தும். நேற்றைய களஞ்சியம் நேற்றுக்குள் பொருந்தும், இன்றையது இன்றைக்குள் பொருந்தும். நேற்றையதில் பாதியும் இன்றையதில் பாதியும் பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை, அந்தக் கலவையை யாரும் சோதித்துப் பார்ப்பதும் இல்லை. உங்கள் மெஷின் களஞ்சியத்தின் ஏதாவது ஒரு நாளின் முழுப் பிரதியாக இருக்கும் வரை பிரச்சினை வருவது அபூர்வம். ஒரே மெஷினுக்குள் இரண்டு திகதி வந்துவிட்டால் தலையிடி தொடங்கும். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவற்றைக் கிளறிக்கொண்டு போனால் இந்த ஒரே இடத்தில்தான் வந்து நின்றிருக்கின்றன.

முதலாவது, அடிக்கடி நடப்பது: புதுசாக ஒரு மென்பொருள் போட வேண்டும். ஆர்ச்சில் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பேக்மேனுக்கு எஸ் என்ற எழுத்தை மட்டும் கொடுத்து நிறுவச் சொல்கிறீர்கள், அந்த ஃபைல் மிரரில் (களஞ்சியத்தின் நகல் இருக்கும் சேர்வரில்) இல்லை என்று 404 காட்டுகிறது. காரணம் எளிது, உங்களிடமிருக்கும் பட்டியல் பழையது, அதில் குறித்திருக்கும் பதிப்பு மிரரிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. யாரோ சொல்கிறார்கள் என்று எஸ்ஸோடு ஒய்யையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். பட்டியல் புதிதாகிறது, மென்பொருளும் இறங்கிவிடுகிறது. ஆனால் மெஷினில் உள்ள மற்றதெல்லாம் பழைய திகதியிலேயே நிற்கிறது. இதற்குப் பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். புதிய மென்பொருளுக்குப் எழுத்துகளைக் கையாளும் ஐசியூ லைப்ரரியின் புதிய பதிப்புத் தேவை, உங்களிடம் இருப்பது பழையது, எனவே அது திறக்காது. அல்லது அந்த மென்பொருளோடு புதிய ஐசியூவும் சேர்ந்து இறங்கிவிடும், பழைய ஐசியூவை நம்பிக் கட்டப்பட்ட மற்ற மென்பொருள்கள் வரிசையாகப் படுத்துவிடும். சில வேளை படுப்பவற்றில் பேக்மேனும் ஒன்று, அப்போது திருத்தப் போகும் கருவியே கையில் இருக்காது. இணைய இணைப்பைக் குறியாக்கும் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 2022 நவம்பரில் ஆர்ச்சில் 3ஆம் பதிப்புக்கு மாறியபோது பாதி அப்டேட் போட்டவர்களின் நிலையும் இதுதான், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவோ இணைய இணைப்போ எது முதலில் போகும் என்று சொல்ல முடியாத நிலை. ஆர்ச் அரைகுறை அப்டேட்டை ஆதரிப்பதில்லை என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருப்பது இதனால்தான். எஸ், ஒய், யூ மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள், அல்லது எஸ் மட்டும் கொடுங்கள். ஒய்யைக் கொடுத்துவிட்டு யூவை விடுவது கூடாது. ஒரு பேக்கேஜை மட்டும் அப்டேட்டிலிருந்து விலக்கி மாதக் கணக்கில் பூட்டி வைப்பதும் இதே பிழைதான்.

இரண்டாவது, நீண்ட இடைவெளி. வெளிநாடு போன அண்ணாவின் லெப்டொப் அலுமாரிக்குள் ஒன்றரை வருசம் கிடந்தது, தம்பி அதை எடுத்து அப்டேட் போடுகிறான், கையொப்பத்தின் நம்பகத்தன்மை தெரியவில்லை என்று ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பிழை வருகிறது. ஆர்ச்சின் பேக்கேஜ்கள் அவற்றைக் கட்டியவரின் சாவியால் கையொப்பமிடப்பட்டவை. இந்த ஒன்றரை வருசத்தில் புதிய ஆட்கள் சேர்ந்திருப்பார்கள், சிலரின் சாவி காலாவதியாகியிருக்கும், அலுமாரிக்குள் இருந்த மெஷினுக்கு அது எதுவும் தெரியாது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது மெஷினின் திகதி. பழைய லெப்டொப்புகளில் போர்டில் உள்ள சின்னப் பற்றரி செத்துவிட்டால் கடிகாரம் பல வருசம் பின்னுக்குப் போய்விடும், அப்போது எந்தக் கையொப்பமும் செல்லாது. திகதியைச் சரிசெய்த பிறகும் பிழை நின்றால் ஆர்ச்சின் சாவிக்கொத்துப் பேக்கேஜை மட்டும் முதலில் புதுப்பித்து, நிறுத்தாமல் உடனே முழு அப்டேட்டையும் போட வேண்டும். அரைகுறை அப்டேட் கூடாது என்ற விதிக்கு நான் அனுமதிக்கும் ஒரே விலக்கு இதுதான், அதுவும் அடுத்த நிமிசமே முழுமையாகிவிடுகிறது என்பதால்.

இடைவெளி இன்னும் நீளமானால் சாவிக்கொத்து மட்டும் போதாது. 2019 முடிவில் ஆர்ச் தன் பேக்கேஜ்களைச் சுருக்கும் முறையை எக்ஸ்இசட்டிலிருந்து இசட்ஸ்டாண்டர்டுக்கு மாற்றியது. மொத்த அளவு சுமார் 0.8 வீதம்தான் கூடியது, விரிக்கும் வேகமோ பல மடங்கு கூடியது, நல்ல மாற்றம். ஆனால் 2018 செப்டம்பரில் வந்த லிப்ஆர்க்கைவைக்கூட (சுருக்கிய ஃபைலை விரிக்கும் லைப்ரரி)ப் போடாமல் அதற்கு முந்திய நிலையிலேயே நின்ற மெஷின்களால் புதிய பேக்கேஜைத் திறந்தே பார்க்க முடியவில்லை, அப்டேட் போடுவதற்கே ஒரு அப்டேட் தேவைப்பட்டது. வாராவாரம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியாது. எவ்வளவுக்கெவ்வளவு தள்ளிப் போடுகிறீர்களோ அவ்வளவுக்கு ஒரே தாண்டலில் தாண்ட வேண்டிய மாற்றங்கள் கூடும், எங்கே உடைந்தது என்று கண்டுபிடிப்பதும் கடினமாகும். கிழமைக்கு ஒருமுறை என்பது நல்ல பழக்கம், இரண்டு கிழமைக்கு ஒருமுறையும் பரவாயில்லை. மூன்று மாதம் தள்ளிப்போகிறது என்றால் நீங்கள் ரோலிங் பாவிக்கவில்லை, பராமரிப்பு இல்லாத பழைய லினக்ஸ் ஒன்றைப் பாவிக்கிறீர்கள்.

"புதுசு புதுசாக வாங்கி வைப்பது ஆபத்து இல்லையா?" என்று கேட்பவர்கள் எக்ஸ்இசட் விவகாரத்தைக் காட்டுவார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2024 மார்ச் 29ஆம் திகதி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், டெபியனின் நிலைப்படுத்தப்படாத கிளையில் எஸ்எஸ்எச் (தூரத்து மெஷினுக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை விநாடி போலத் தாமதிப்பதைத் துருவிப் பார்த்து, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவிக்குள் யாரோ பின்கதவு வைத்திருப்பதை அம்பலப்படுத்தினார். ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர் 2021 முதல் ஒழுங்காகப் பங்களித்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, வெளியீட்டைச் செய்யும் அதிகாரம் வரை வந்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அதைச் செருகியிருந்தார். டம்பிள்வீட்டும் ஆர்ச்சும் டெபியனின் சோதனைக் கிளைகளும் அந்தப் பதிப்பை ஏற்கனவே வாங்கியிருந்தன, டெபியனின் நிலையான பதிப்புக்கு அது போய்ச் சேரவில்லை. ஆர்ச்சில் எஸ்எஸ்எச் எக்ஸ்இசட்டின் லைப்ரரியோடு நேரடியாகப் பிணைக்கப்படாததாலும், பின்கதவு டெப், ஆர்பிஎம் பேக்கேஜ்களைக் கட்டும் சூழலையே குறிவைத்ததாலும் அது அங்கே எஸ்எஸ்எச்சைப் பிடிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கே அறிவிப்புப் போட்டு, சுத்தமான பேக்கேஜை வெளியிட்டு, எல்லோரையும் உடனே அப்டேட் செய்யச் சொன்னார்கள்.

இதை வைத்து "பார்த்தீர்களா, பழையதுதான் பாதுகாப்பு" என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியாது. 2025 ஜனவரியில் மெஷின்களுக்கிடையே ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் விசயத்தில் நேர்மாறாக நடந்தது: பழைய பதிப்புகளில் இருந்த ஓட்டைகளில் ஒன்று, பெயர் தெரியாத யாரோ ஒருவர் சேர்வரில் தன் கட்டளையை ஓடவிடும் அளவுக்கு மோசமானது, 3.4.0க்கோ திருத்தம் பொருத்திய பழைய பதிப்புக்கோ மாறியவர்கள்தான் தப்பினார்கள். ஒருமுறை புதியதில் விசம், இன்னொருமுறை பழையதில் ஓட்டை. இரண்டிலும் ஒழுங்காக அப்டேட் போட்டுக்கொண்டிருந்தவருக்குத் திருத்தம் கைக்கு வந்து சேர்ந்தது. 2024 மார்ச் 10ஆம் திகதி எக்ஸ்இசட்டின் கெட்ட பதிப்பை வாங்கிவிட்டு, பிறகு பயந்து அப்டேட்டை நிறுத்தியவரின் மெஷினில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும்.

சரி, இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் இருந்துகொண்டு ஒருவர் "தினமும் காலையில் ஒருமுறை போடுங்கள்" என்று எழுதுவார், அவருக்கு டேட்டா கணக்கும் இல்லை, கரண்ட் போவதும் இல்லை. இங்கே இரண்டையும் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

டேட்டாவை எடுத்தால், பேக்மேன் மாறிய பகுதியை மட்டும் இறக்குவதில்லை. முன்பு அப்படி ஒரு வசதி இருந்தது, 2019இல் வந்த 5.2 பதிப்பில் பாதுகாப்புக் காரணத்துக்காக அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஃபயர்ஃபொக்ஸில் ஒரு புள்ளி மாறினாலும் முழு ஃபயர்ஃபொக்ஸும் இறங்கும். டெஸ்க்டொப் ஒன்றுக்குச் சில கிழமைகளில் ஒரு ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா தரும் பேக்கேஜ் வைத்திருப்பவர்கள் இரவில் இறக்கி, காலையில் நிறுவலாம். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது: பட்டியலைப் புதுப்பித்து இறக்கம் மட்டும் செய்து வைத்துவிட்டு, காலையில் மறந்துபோய் வேறொரு மென்பொருளை நிறுவினால், மேலே சொன்ன அதே அரைகுறை நிலைதான். அதற்குப் பேக்மேன்-கான்ட்ரிப் என்ற பேக்கேஜில் செக்அப்டேட்ஸ் என்றொரு சின்னக் கருவி இருக்கிறது. அது உண்மையான பட்டியலைத் தொடாமல் தனியாக ஒரு நகலை வைத்துப் பார்க்கும், டி என்ற எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தால் பேக்கேஜ்களை இறக்கியும் வைத்துவிடும். நள்ளிரவு தாண்டியதும் ஓடும்படி டைமர் போட்டுவிட்டுத் தூங்கலாம், காலையில் முழு அப்டேட் போட்டால் கிட்டத்தட்ட எல்லாம் கையிலேயே இருக்கும்.

வீட்டில் இரண்டு மூன்று மெஷின் இருந்தால், அல்லது கோணேசபுரி வளாகத்துப் பிள்ளைகள் போல ஒரே அறையில் நாலு பேர் ஆர்ச் வைத்திருந்தால், பேகோலோகோ என்ற இடைச் சேமிப்புச் சேர்வரை ஒரு மெஷினில் ஓட விடுங்கள். முதலாவது ஆள் இறக்கும் பேக்கேஜ் மற்றவர்களுக்கு உள்ளூர் வைஃபையிலேயே வந்துவிடும். மிரர் விசயத்தில் சிங்கப்பூரோ இந்தியாவோ நமக்குக் கிட்ட, மிரர்களைத் தேர்ந்து தரும் ரிஃப்ளெக்டர் கருவியைக் கொண்டு வேகமானதையும் புதுப்பிக்கப்பட்டதையும் சேர்த்துத் தேடுங்கள். வேகமாக இருக்கிறது என்பதற்காக மூன்று நாள் பின்தங்கிய மிரருக்கு மாறினால் களஞ்சியம் உங்கள் மெஷினை விடப் பழையதாகிவிடும், பேக்மேன் எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாகக் கொட்டும்.

கரண்ட் விசயம்தான் எனக்குப் பெரிய கவலை. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம், அது பட்டியல் போட்டு வெட்டியது என்பதால் நேரம் பார்த்துச் செய்ய முடிந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி போல நாடு முழுக்கச் சொல்லாமல் போனால் அப்படி முடியாது. ஒக்டோபர், நவம்பரில் திருகோணமலையில் பின்னேரம் இடி இடிக்கத் தொடங்கினால் எல்லா வீட்டிலும் முதலில் ரவுட்டரைத்தான் கழற்றி வைப்போம், அந்த நேரத்தில் அப்டேட்டைத் தொடங்கக் கூடாது. இறக்கும்போது கரண்ட் போனால் ஒன்றும் கெடாது, திரும்பத் தொடங்கலாம். நிறுவும்போது போனால்தான் ஆபத்து. பாதிப் பேக்கேஜ் புதிது, பாதி பழையது, எழுதிக்கொண்டிருந்த ஃபைல் சில வேளை சுழிய அளவில் நிற்கும், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலோடு சேர்ந்து உருவாகும் தொடக்கப் படம் பாதியில் நின்றிருந்தால் மெஷின் எழும்பாது. பற்றரி செத்த லெப்டொப் வைத்திருப்பவர்கள் அதை டெஸ்க்டொப் என்றே நினைத்துக்கொள்ளுங்கள், யுபிஎஸ் இல்லாமல் அப்டேட் வேண்டாம்.

அப்படி நடந்துவிட்டால் பதறி எல்லாவற்றையும் அழித்துப் புதுசாக நிறுவத் தேவையில்லை. ஆர்ச் ஐஎஸ்ஓ போட்ட பென் டிரைவில் மெஷினை எழுப்பி, உங்கள் டிஸ்கை மவுன்ட் செய்து, ஆர்ச்-க்ரூட் மூலம் அதற்குள் போங்கள். பேக்மேன் ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லும், விட்டுப்போன பூட்டு ஃபைல் அது, வேறு பேக்மேன் ஓடவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு அழித்துவிடலாம். பிறகு முழு அப்டேட். சுழிய அளவு ஃபைல்கள் இருந்தால் களஞ்சியத்திலிருந்து வந்த பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் ஒருமுறை மீள நிறுவ வேண்டிவரும். பூட் பகுதியைத் தனியாக வைத்திருப்பவர்கள் அதையும் மறக்காமல் மவுன்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் கேர்னல் தவறான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், எழும்பும்போது பழைய கேர்னலும் புதிய மொடியூல்களும் (கேர்னல் தேவைக்கு ஏற்றும் துண்டுகள்) ஒன்றையொன்று தெரியாமல் முழிக்கும். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள) கேர்னலை இரண்டாவதாக நிறுவி வைத்திருந்தால் பாதிச் சந்தர்ப்பங்களில் பென் டிரைவே தேவைப்படாது, அதனால் யாருக்கு ஆர்ச் போட்டுக்கொடுத்தாலும் அதையும் சேர்த்தே போட்டுக்கொடுக்கிறேன்.

அந்த மொடியூல் கதைதான் பலருக்குத் திகில் தருவது. "அண்ணா, காலையில அப்டேட் போட்டனான், இப்ப பென் டிரைவ் குத்தினா ஒண்டும் வருதில்ல, போர்ட் பழுதோ?" என்று கேட்பார்கள். "தம்பி, ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ" என்றால் சரியாகிவிடும். உள்ளே நடப்பது இது: கேர்னல் அப்டேட் ஆகும்போது பழைய கேர்னலின் மொடியூல்கள் டிஸ்கிலிருந்து நீக்கப்பட்டுப் புதியவை வருகின்றன. ஆனால் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது இன்னும் பழைய கேர்னல். அது அதுவரை ஏற்றியிராத ஒரு மொடியூல், பென் டிரைவுக்கானதோ போனை இணைப்பதற்கானதோ, இப்போது தேவைப்பட்டால் தேடிப் போகும் இடத்தில் எதுவும் இருக்காது. கேர்னல் மாறினால் அன்றைக்கே ரீஸ்டார்ட் செய்யுங்கள், அவ்வளவுதான். நாளைக்கு வகுப்பில் காட்ட வேண்டிய விசயம் இருக்கிறதென்றால் இன்றிரவு அப்டேட் போடாமல் இருப்பது புத்தி.

ஆர்ச்சின் அறிவிப்புப் பக்கத்தை ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன் ஒரு பார்வை பாருங்கள் என்று சொன்னால் பலர் அலுத்துக்கொள்கிறார்கள். வருசத்துக்குச் சில அறிவிப்புகள்தான் வரும், படிக்க ஒரு நிமிசம் ஆகாது. 2025 ஜூனில் லினக்ஸ்-ஃபர்ம்வெயார் பேக்கேஜைத் தயாரிப்பாளர் வாரியாகப் பிரித்தார்கள், என்விடியா ஃபைல்களின் அடுக்கு மாறியதால் நேரடியாக அப்டேட் போட்டவர்களுக்கு ஃபைல் ஏற்கனவே இருக்கிறது என்று பிழை வந்து நின்றது. பழைய பேக்கேஜை நீக்கிவிட்டு உடனே முழு அப்டேட் போடச் சொல்லி அறிவிப்பில் எழுதியிருந்தது, படித்தவர்களுக்கு இரண்டு கட்டளையோடு முடிந்தது. 2022 ஓகஸ்டில் மெஷினை எழுப்பும் மென்பொருளான க்ரப் விசயத்தில் இன்னும் மோசம், பலருடைய மெஷின் பூட் ஆகவே இல்லை. க்ரப் பேக்கேஜ் புதிதாகிவிட்டது, ஆனால் பூட் பகுதியில் முன்பு நிறுவிய க்ரப் பழையதாகவே கிடந்தது. புதியது எழுதிய கன்ஃபிக்கைப் பழையதால் படிக்க முடியவில்லை. இங்கேயும் இரண்டு திகதிதான். எண்டெவர்ஓஎஸ் பாவித்தவர்கள் அன்று பட்ட பாடு கொஞ்சமில்லை.

பேக்நியூ ஃபைல்களையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நீங்கள் கைவைத்த கன்ஃபிக் ஃபைலைப் பேக்மேன் அழிப்பதில்லை, புதியதைப் பக்கத்தில் பேக்நியூ என்ற பின்னொட்டோடு வைத்துவிட்டு ஒரு வரி எச்சரிக்கை தரும், அந்த வரி ஓடிப்போய்விடும். கம்யூனிட்டி களஞ்சியம் 2023 மே மாதமே எக்ஸ்ட்ராவோடு சேர்க்கப்பட்டது, வெறும் பெயரை மட்டும் இரண்டு வருசம் போல விட்டுவைத்து 2025 மார்ச்சில் எடுத்தார்கள். பேக்டிஃப் கருவியால் பேக்மேனின் கன்ஃபிக்கைப் பேக்நியூவோடு ஒப்பிட்டுச் சேர்த்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை, சேர்க்காதவர்களின் கன்ஃபிக்கில் அந்தப் பழைய பெயர் நின்றதால் திடீரென்று அப்டேட்டே ஓடவில்லை.

ஏயூஆர் (பாவிப்பவர்கள் போட்டுவைக்கும் கட்டும் குறிப்புகளின் தொகுப்பு) பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஆர்ச்சின் களஞ்சியம் இல்லை. யாரும் கணக்குத் தொடங்கி, கட்டும் குறிப்பு ஒன்றைப் போட்டுவைக்கலாம், ஆர்ச் அதைச் சோதித்துத் தருவதில்லை. 2025 ஜூலை நடுவில் ஃபயர்ஃபொக்ஸ், லிப்ரவுல்ஃப், ஜென் ஆகிய உலாவிகளின் திருத்தப்பட்ட வடிவம் என்று பெயர் வைத்துப் போடப்பட்ட மூன்று பேக்கேஜ்களில், மெஷினைத் தூரத்திலிருந்து கையாளும் தீநிரல் இருந்தது. இரண்டு நாளில் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அதற்குள் நிறுவியவர் நிறுவியிருப்பார். ஆகவே கட்டும் குறிப்பைத் திறந்து, எங்கிருந்து எதை இறக்குகிறது என்றாவது பாருங்கள். அப்புறம், ஏயூஆர் பேக்கேஜை உங்கள் மெஷினில் நீங்கள் கட்டிய நாளில் இருந்த லைப்ரரிகளோடுதான் அது பிணைந்திருக்கிறது. அடுத்த மாதம் அந்த லைப்ரரி மாறும்போது களஞ்சியத்துப் பேக்கேஜ்களை ஆர்ச் திரும்பக் கட்டித் தரும், இதை நீங்கள்தான் திரும்பக் கட்ட வேண்டும். பைத்தன் பதிப்பு மாறும் ஒவ்வொரு தடவையும் இது நடக்கும். மஞ்சாரோவில் இன்னும் சிக்கல், அவர்கள் பேக்கேஜ்களைச் சில கிழமை பிடித்து வைத்திருந்து வெளியிடுகிறார்கள், ஏயூஆர் குறிப்புகளோ இன்றைய ஆர்ச்சைப் பார்த்து எழுதப்பட்டவை. மஞ்சாரோவில் ஏயூஆரை அதிகம் நம்புகிறவருக்கு நான் எண்டெவர்ஓஎஸ்ஸையே சொல்வேன்.

இவ்வளவு கவனம் எடுக்க நேரமில்லை, ஆனால் புதிய மென்பொருளும் வேண்டும் என்பவர்களுக்கு டம்பிள்வீட் நல்ல இடம். அங்கே அன்றைய தொகுப்பை ஓப்பன்கியூஏ என்ற தானியங்கிச் சோதனையில் நிறுவி, பூட் செய்து, மென்பொருள்களைத் திறந்து பார்த்து, தேறினால்தான் வெளியே விடுகிறார்கள். நிறுவும்போதே பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் முறைமையும் ஸ்னாப்பர் கருவியும் சேர்ந்து வருவதால் அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் மெஷினின் நிலை ஒவ்வொரு படமாக எடுத்து வைக்கப்படும், கெட்டுப்போனால் பூட் மெனுவிலேயே முந்தைய நிலையைத் தேர்ந்து எழுப்பலாம். ஆர்ச்சிலும் இதை நாமாக அமைத்துக்கொள்ளலாம். அது இல்லாவிட்டாலும் ஆர்ச் களஞ்சியத்தின் ஒவ்வொரு நாளையும் காப்பகத்தில் திகதி வாரியாக வைத்திருக்கிறார்கள். மிரர் பட்டியலில் அந்தத் திகதியைக் குறித்துவிட்டு முழு மெஷினையும் அந்த நாளுக்கே கொண்டுபோகலாம். ஒரு பேக்கேஜை மட்டும் பின்னுக்கு இழுப்பதை விட இது நல்லது, எல்லாம் ஒரே திகதியில் நிற்கும். பேக்கேஷ் கருவி சேமிப்பில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் கடைசி மூன்று பதிப்பை வைத்துக்கொண்டு மீதியைத் துப்புரவாக்கும், டிஸ்க் நிறைந்துவிட்டது என்று எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள், அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும்.

யாருக்கு ரோலிங் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்.சி. வீதியில் ஒரு கொம்யூனிகேஷன் நடத்துகிறவர் என்னிடம் கேட்டால் ஆர்ச் போட்டுக்கொடுக்க மாட்டேன். காலையில் கடை திறந்ததும் பிள்ளைகள் பாஸ் பேப்பர் பிரின்ட் எடுக்க வரிசையில் நிற்பார்கள், பிரின்டர் டிரைவர் நேற்றுப் போல இன்றும் ஓட வேண்டும், அறிவிப்புப் பக்கம் படிக்க அவருக்கு நேரம் கிடையாது. அம்மாவுக்கு வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையோடு பேசுவதற்கு மட்டும் வைத்திருக்கும் லெப்டொப்பும் அப்படித்தான், அதை மாதத்துக்கு ஒருமுறை யாராவது திறந்தாலே பெரிய விசயம். இந்த மெஷின்களுக்கு டெபியன் 13 போதும். 2025 ஓகஸ்டில் வந்தது, 2028 ஓகஸ்ட் வரை முழு ஆதரவு இருக்கிறது, அதற்குப் பிறகு நீண்டகால ஆதரவு 2030 ஜூன் வரை. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக இறங்கும்படி அமைத்துக்கொடுத்துவிட்டால், அடுத்த பதிப்பு வரும் வரை அவர்கள் அப்டேட் என்ற சொல்லையே நினைக்க வேண்டியதில்லை.